அன்று நான் போடாத ஊசி

மயக்கவியல் படித்து முடித்து வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னை அழைத்தபோது, "உங்கள் காலத்தில் எப்படியெல்லாம் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார்கள். சமாளித்த கதை உங்களுக்கு எதற்கு? உங்களிடம் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே மருந்தைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைக்கிறீர்கள். நாங்கள் விரலால் தடவி, குத்துமதிப்பாக ஊசியை நுழைத்து, "சுர்ருனு விரலுக்குப் போவுதா?" என்று நோயாளியையே கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் காலம் போனதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. விட்டது சனியன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் எந்த இயந்திரம் வந்தாலும் ஒரு கேள்வி உங்கள் தலையில்தான் வந்து விழும். இந்த வலியை நிறுத்தலாமா, கூடாதா? ஓய்வு பெற்ற பிறகும் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அந்தக் கேள்வியைத்தான். அதற்காக ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருவண்ணாமலையில் எனக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. எந்த நர்ஸிங் ஹோமில் ஆபரேஷன் இருக்கிறதோ அங்கே மொபெட்டில் போய் மயக்கம் கொடுத்துவிட்டு வருவேன். அப்படிப் போகும் இடங்களில் ஓர் எலும்பு டாக்டரின் ஆஸ்பத்திரியும் ஒன்று. டாக்டர் கெட்டிக்காரர். கைவேகம் ஜாஸ்தி, வாய்வேகம் அதைவிட ஜாஸ்தி. படுக்கைகள் குறைவாக இருந்ததால், மணிக்கட்டு, கணுக்கால் மாதிரியான சின்ன முறிவுகளுக்கு ஆபரேஷன் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அனுப்புவது சரி. வீட்டுக்குப் போன பிறகு அந்த மனிதன் படும் பாடு? முழு மயக்கம் தெளிந்து, பஸ் குலுங்கக் குலுங்க, உடைந்த கையோடு கீழ்பென்னாத்தூர் போய்ச் சேருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். வீரியமான வலி மருந்துகளை வாங்கி வைக்க லைசென்ஸ் வேண்டும். எங்கள் ஊர் மாதிரி இடத்தில் அவை கண்ணிலேயே படாது. இருந்தது சாதாரண மாத்திரைதான். "ஆபரேஷன் பண்ணா வூட்டுக்கு வந்து கத்திக்கினே கெடக்கணும்" என்று கேள்விப்பட்டு, பாதிப் பேர் நாட்டுக்கட்டுப் போடப் போய்விடுவார்கள். கோணலாக ஒட்டிய கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இது பொறுக்கவில்லை. கை முழுவதையும் மரக்கச் செய்யும் ப்ளாக் என்ற நரம்பு ஊசியை, மயக்கவியல் படிக்கும்போதே கற்றிருந்தேன். அதைப் போட்டால் ஆபரேஷனும் முடியும், பொழுது சாயும் வரை வலியும் இருக்காது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொள்ள அவகாசம் கிடைக்கும். டாக்டரிடம் சொன்னேன்.

"மேடம், நீங்க நரம்பத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு கேஸ் முடிச்சிடுவேன்" என்றார்.

"நீங்க முடிங்க சார். நான் தேடிட்டே இருக்கேன்" என்றேன்.

அவர் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்து ப்ளாக் போட்டு வைத்துவிடுவேன். அவர் கையுறை மாட்டும்போது கை மரத்துத் தயாராக இருக்கும். சில நாள் சரியாகப் பிடிக்காது. திட்டு வாங்கிக்கொண்டு முழு மயக்கம் கொடுப்பேன். மறுநாளும் அதே வேலை. என் வீட்டில், "உனக்கு ஏன் இந்த வீம்பு?" என்று கேட்டார்கள். வீம்புதான், என்ன இப்போது? ஒரு வருடத்துக்குள், ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து டாக்டரே மாறிவிட்டார். "அந்த மரக்கற ஊசி போடற அம்மா இருக்காங்களா?" என்று ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ஏழுமலை வந்தது அந்தப் பெருமையின் உச்சத்தில். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வீடு மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை கிராமத்தில். சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்திருந்தான். பரோட்டா மாஸ்டருக்கு வலது மணிக்கட்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது திரும்பினால்தான் மாவு விசிறும், அடுப்பு எரியும், வீடு நடக்கும்.

அன்று பௌர்ணமி. பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் எல்லா வேலையையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். அதனால் டாக்டர் அவனை முதல் கேஸாக எடுத்தார். நான் ப்ளாக் போட்டேன், அருமையாகப் பிடித்தது. கம்பி வைத்து, மாவுக்கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்தோம். ஏழுமலை ஒரே சிரிப்பு. இடது கையால் வலது கையைத் தூக்கிக் கீழே போட்டு, "பாருங்க டாக்டரம்மா, செத்த கோழி மாரி வுழுது!" என்று வேடிக்கை காட்டினான்.

அவன் மனைவி அஞ்சலைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உசுரு வந்துடுமாம்மா?"

"சாயங்காலம் தன்னால வந்துடும். கையைத் தலகாணி மேல உசத்தி வை. மாத்திரையை வலிக்கறதுக்கு முன்னாடியே குடு" என்றேன். தலையாட்டினாள். பயந்தவர்களின் தலையாட்டலை நம்பாதீர்கள். காதில் ஒன்றும் போயிருக்காது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது. "காலைல பண்ண பரோட்டா மாஸ்டர் வந்துட்டான் மேடம். ப்ளாக் எறங்கிடுச்சு, ஒரே கூச்சல். இன்னொரு டோஸ் போட்டுட்டுப் போயிடுங்க. இங்க எனக்கு ஓபி தலைக்கு மேல நிக்குது."

மொபெட்டை எடுக்க வழியில்லை. ஊரே மனிதத் தலையாக இருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தேன். ஏழுமலையும் அஞ்சலையும் அப்படித்தான் வந்திருந்தார்கள். வண்டி கிடைக்காமல், அடி அண்ணாமலையிலிருந்து கிரிவலம் போகும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்திருக்கிறார்கள். கையில் கட்டோடு அழுதுகொண்டே நடப்பவனைப் பார்த்து, "கை ஒடஞ்சும் சுத்தறான் பாரு, இன்னா பக்தி!" என்று வழியில் யாரோ கும்பிட்டார்களாம். நல்ல கூத்து.

உள்ளே போனேன். ஏழுமலை மேசையில் சுருண்டு கிடந்தான். தோளிலிருந்து கட்டு வரைக்கும் கையை ஒரு துண்டால் மூடியிருந்தார்கள். சிஸ்டர் ஊசியில் மருந்து ஏற்றித் தட்டில் தயாராக வைத்திருந்தார். என்னைக் கண்டதும் ஏழுமலை எழுந்துவிட்டான்.

"அம்மா, காலைல போட்டீங்களே, அதே ஊசி. ஒண்ணே ஒண்ணு. உங்க கால்ல வுழறேன்."

"மாத்திரை போட்டியாப்பா?"

"போடல டாக்டரம்மா" என்றாள் அஞ்சலை. "வலியே இல்லன்னாரு. வலி இல்லாதப்ப எதுக்கு மாத்திரனு வெச்சிட்டேன். பௌர்ணமி வெரதம் வேற. வெறும் வயித்துல எப்டி குடுக்கறது?"

டாக்டர் சொன்னதற்கு எல்லாமே பொருந்தி வந்தது. மாத்திரை போடவில்லை, ப்ளாக் இறங்குகிறது, வலி ஏறுகிறது. ஊசியைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் அவன் விரல்களைப் பார்த்தேன். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த ஐந்தும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு வீங்குவது சகஜம்தான். ஊசியை வைத்துவிட்டு, நடுவிரலை மெல்ல நிமிர்த்தினேன்.

ஏழுமலை போட்ட அலறலில் ஓபியில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

உடைந்த இடம் மணிக்கட்டு. நான் தொட்டது விரலை. வலி வந்ததோ முன்கைச் சதையிலிருந்து. உள்ளே வீக்கம் போக இடமில்லாமல் சதையை நெரிக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது. இப்போது நான் ப்ளாக் போட்டால் என்ன நடக்கும்? ஐந்து நிமிடத்தில் அவன் அடங்குவான். என்னைக் கும்பிடுவான். நிம்மதியாகத் தூங்குவான். காலையில் எழுந்தால் சதை செத்திருக்கும். விரல்கள் மடங்கிப்போய் அப்படியே நின்றுவிடும். அந்தக் கை அதற்குமேல் சோறு பிசையக்கூட உதவாது.

டாக்டரைக் கூப்பிட்டேன். "சார், கட்டைப் பிரிக்கணும்."

"எதுக்கு? நகத்தை அமுக்கிப் பாத்துட்டேன், ரத்தம் ஓடுது. பிரிச்சா கம்பி நகந்துடும். மறுபடி யாரு ஆபரேஷன் பண்றது? ப்ளாக்கப் போடுங்க மேடம், காலைல பாத்துக்கலாம்."

"காலைல பாக்கறதுக்குக் கை இருக்காது சார். ப்ளாக் எறங்கற வலின்னா விரலை நிமித்தினா இப்படிக் கத்த மாட்டான்."

"இந்த ஊரு முழுக்க ப்ளாக் ப்ளாக்னு சொல்லித் திரிஞ்சதே நீங்கதான். இன்னிக்குப் போட மாட்டேன்றீங்க!"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் பயம்தான். கட்டைப் பிரித்து ஒன்றும் இல்லை என்று ஆகி, எலும்பும் நகர்ந்துபோனால், அந்த ஆஸ்பத்திரியில் என் ப்ளாக்குக்கு அன்றோடு முழுக்கு. ஒரு வருடம் திட்டு வாங்கிச் சேர்த்ததெல்லாம் வீண். அதைவிடக் கொடுமை, எதிரே கிடந்து துடிப்பவனின் வலியை நிறுத்தும் மருந்து என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. போட்டுவிடத்தான் கை பரபரத்தது.

அஞ்சலை என்மேல் பாய்ந்தாள். "எங்க வூட்டுக்காரரு துடிக்கிறாரு, நீங்க இன்னாம்மா வேடிக்க பாத்துனு நிக்கறீங்க? நீங்களும் ஒரு பொம்பளதானே? கல்லா மனசு?" வாசலில் நின்ற ஆண்கள், "ஊசிய வெச்சிக்கினே போட மாட்டேங்குறாங்க" என்று பேசத் தொடங்கினார்கள்.

இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் மனம் இளகிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊசியை எடுத்துக்கொண்டு போய், அதிலிருந்த மருந்து முழுவதையும் வாஷ்பேசினில் பீய்ச்சிவிட்டேன். "போடறதுக்கு இப்ப மருந்து இல்ல சார். கத்தரிக்கோல் குடுங்க" என்றேன்.

டாக்டர் என்னை முறைத்தார். எரித்துவிடுவது மாதிரியான முறைப்பு. பிறகு சிஸ்டரிடம் கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டினார். அதனால்தான் அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

துண்டை விலக்கப் போனேன். இதுவரை ஊசி ஊசி என்று கத்திக்கொண்டிருந்த அஞ்சலை சட்டென்று அடங்கி, துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அத்த எடுக்காதீங்கம்மா" என்றாள். குரலே மாறிவிட்டது. நான் எடுத்தேன்.

முழங்கைக்கு மேலே, காசு முடிந்த மஞ்சள் துணி. மஞ்சள் தண்ணீரில் நனைத்து, கழன்று விழக் கூடாது என்று இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறாள். அது காய்ந்து கயிறாக முறுக்கி, சதைக்குள் புதைந்திருந்தது. அதற்குக் கீழே கை முழுக்க வீக்கம். மறு கையில் அப்படிக் கட்டியிருந்தால் ஒரு நொடியில் கத்தியிருப்பான். மரத்த கைக்கு எது தெரியும்?

"கை செத்த மாரி கெடந்துச்சும்மா" என்று என் காதருகே கிசுகிசுத்தாள். "உசுரு வரணும்னு அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினு, அவரு தூங்கறப்ப கட்டினேன். அவருக்குத் தெரியாது. அவுத்தா சாமிக் குத்தமாயிடும்மா."

"அவுக்க மாட்டேன், வெட்டப் போறேன்" என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, அது நம்மிடம் திட்டு வாங்கப் பயந்த முகமாகத் தெரியவில்லை. தன் கையாலேயே புருஷன் கையைக் கொன்றுவிட்டோமோ என்று நடுங்கும் முகம். துணியை வெட்டி, காசு இருந்த முடிச்சை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினேன். "கோயில் உண்டியல்ல போட்டுடு. வேண்டுதல் வேண்டுதல்தான்."

டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். "எந்த அறிவு கெட்ட" என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் சார். மொதல்ல கட்டு" என்றேன். ஏழுமலை கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தான். அவன் எதையும் பார்க்கவில்லை.

மாவுக்கட்டை டாக்டர் நீளவாக்கில் வெட்டித் திறந்தார். உள்ளே இருந்த பஞ்சு ரத்தத்தில் ஊறி, காய்ந்து, ஓடு மாதிரி இறுகியிருந்தது. அதையும் தோல் தெரியும்வரை வெட்டி எடுத்தார். கையை உயர்த்திக் கட்டினோம். பிறகு காத்திருந்தோம். நான் அவன் விரல்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இதற்கும் வீக்கம் இறங்கவில்லை என்றால் சதையையே கீறித் திறக்க வேண்டும்; அதற்கும் டாக்டர் தயாராகக் கத்தியை எடுத்து வைத்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அலறல் முனகலானது. முனகலும் குறைந்தது. நடுவிரலை மறுபடி நிமிர்த்தினேன்.

"வலிக்குதா?"

"கம்மியா கீது" என்றான், கண்ணைத் திறக்காமலே.

அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். டாக்டர் எடுத்து வைத்த கத்தியைத் திரும்ப உள்ளே வைத்தார். சாதாரண வலி மாத்திரையும் இரண்டு இட்லியும் கொடுத்தோம். ஏழுமலை தூங்கிவிட்டான்.

வராந்தாவில் டாக்டர் பொரிந்து தள்ளினார். "அந்தப் பொம்பளைய நாலு வார்த்தை கேக்கணும் மேடம். அவன்கிட்டயே சொல்லணும்."

"சொன்னா அவன் வீட்ல அவளை ஆயுசுக்கும் பேசியே கொன்னுடுவாங்க சார். பயத்துல கட்டினா. இனிமே நாம மத்தவங்களுக்குச் சொல்லி அனுப்புவோம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஆனால் சொல்லவில்லை. ஒரு கம்பி இலேசாக நகர்ந்திருந்தது. இரண்டாம் வாரம் அதைச் சரிசெய்தார். நான்தான் ப்ளாக் போட்டேன். ஏழுமலை என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

அதிலிருந்து, ப்ளாக் போட்டு அனுப்பும் ஒவ்வொரு ஆளிடமும், கூட வந்தவரிடமும், தலையாட்டினால் விடாமல், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தேன். மரத்த கையில் கயிறு, வளையல், மோதிரம், வேண்டுதல் துணி எதுவும் கூடாது. ஒத்தடம் கூடாது. விரதம் இருந்தாலும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, வலி வருவதற்கு முன்பே மாத்திரை போட வேண்டும். மரத்த கை தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. வலிக்கவில்லை என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்களும் உங்கள் வாயால் சொல்லுங்கள். சிஸ்டர் சொல்லிக்கொள்வார் என்று விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வேலையே வலியை நிறுத்துவது. வருடக்கணக்காக அதையே செய்யும்போது, வலி என்றாலே நிறுத்து என்று கை தானாகப் போகும். வந்த வலி எதிர்பார்த்த அளவுக்கு மீறி இருந்தால், முதலில் கட்டைத் திறந்து பாருங்கள். நோயாளி திட்டுவார், சர்ஜன் திட்டுவார். திட்டட்டும். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே உங்கள் வேலையைப் பாருங்கள். நன்றி வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

ஏனென்றால் எனக்கு வரவில்லை. ரெண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, என்னோடு வேலை பார்த்த ஓர் இளம் பெண் டாக்டரை அழைத்துக்கொண்டு செங்கம் ரோட்டுப் பக்கம் சாப்பிடப் போனேன். ஏழுமலை சொந்தமாக ஓட்டல் வைத்திருந்தான். கல்லாவில் அஞ்சலை. என்னைப் பார்த்ததும் அடுப்படியிலிருந்தே கத்தினான்.

"வாங்க டாக்டரம்மா! அன்னிக்கு ஒரே ஒரு ஊசி போட்டிருந்தா இன்னா கொறஞ்சி பூட்டிருப்பீங்க?" பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம், "எலும்பு டாக்டரு தெய்வம்பா. கட்ட அவுத்து வுட்டாரு, வலி பறந்துச்சு. இந்தம்மா கீறாங்களே, ஊசிய என் கண்ணு முன்னாடியே தண்ணில ஊத்தினாங்க. கல்லு மனசு!"

என்னோடு வந்த பெண்ணுக்கு அந்தக் கதை முழுக்கத் தெரியும். கோபத்தில் முகம் சிவந்து, வாயைத் திறந்தாள். கல்லாவில் அஞ்சலை சில்லறையை எண்ணுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அந்தப் பெண்ணின் கையை அழுத்தி, "சாப்பிடும்மா, ஆறிடும்" என்றேன்.

ஏழுமலை மாவை எடுத்து வீசினான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வலது மணிக்கட்டு சுலபமாக, முழுசாகத் திரும்பியது. மாவு கல்லில் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு இன்னொன்று போடச் சொன்னேன்.